தெய்வத்தோடு வழக்காடும் காடு

1998-ஆம் ஆண்டு கூடலூர் வட்டாரத்தில் ஒரு மக்னா யானை, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, பிடிபட்டது. கேரளத்திலும் நம் பக்கத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற யானை. அதைச் சுட்டுவிடச் சொல்லிக் கேரளத்தில் உத்தரவே இருந்தது. எல்லை தாண்டி வந்துவிட்டதால் இங்கே உயிரோடு பிடித்தார்கள். உடம்பில் துப்பாக்கிக் குண்டுக் காயங்கள். தெப்பக்காடு யானை முகாமில் கரால் என்னும் மரக்கூண்டில் அடைத்து வைத்தியம் பார்த்தவர் யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாகத் தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமானவர். புண் ஆறியபின் அவருடைய பெயரையே யானைக்கு வைத்தார்கள்: மூர்த்தி. முகாமிலேயே சாதுவான யானை என்று பெயரெடுத்து, 2024-இல் இறந்தது.

அத்தனை பேரைக் கொன்ற தீமை அந்த உடம்பை விட்டு எங்கே போனது? ஓய்வு பெற்ற பாகன் ஒருவரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். காட்டுநாயக்கர் என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர் அவர். “கெட்டது யானைக்குள்ள இல்லைங்க டீச்சர். யானைக்கும் மனுசனுக்கும் நடுவுல இருந்தது. அதைத்தான் ஆத்துனாங்க” என்றார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவள் நான். கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால் உலகில் தீமை ஏன் என்ற கேள்விக்கு ஐரோப்பிய இறையியலாளர்கள் எழுதிய விடைகளையும், கர்மம், மாயை என்று நம் ஆசாரியர்கள் சொன்ன விடைகளையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். தீமையை ஓர் உயிருக்குள்ளும் வைக்காமல் இரண்டு உயிர்களுக்கு நடுவில் வைக்கும் விடை அந்தப் பாடத்தில் எங்குமே இல்லை. அது ஆப்பிரிக்கச் சிந்தனையாளர்களிடம் இருக்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். என் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை அதற்கும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கூடலூரிலிருந்து மைசூர் சாலையில் இறங்கினால், மசினகுடிக்குப் பாதை பிரியும் இடத்தில், மாயாற்றங்கரையில் இருக்கிறது தெப்பக்காடு. ஆங்கிலேயர் காலத்தில் தேக்கு மரம் இழுக்கப் பழக்கிய யானைகளுக்காக உண்டான முகாம். 1940-இல் முதுமலை சரணாலயமானது, 2007-இல் புலிகள் காப்பகமானது. மரம் இழுப்பது நின்றுபோனாலும் யானைகளும் அவற்றோடு பிறந்து வளர்ந்த மனிதர்களும் அங்கேயே இருக்கிறார்கள். பாகன்களும் உதவிக்கு நிற்கும் காவடிகளும் பெரும்பாலும் பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2023-இல் ஆஸ்கர் பெற்ற ஆவணப்படத்தில் ரகு, அம்மு என்ற குட்டிகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர்களே.

இந்த மக்களின் எண்ணங்களை உலகம் அறியும்படி எழுதியவர் நூரித் பேர்ட்-டேவிட் என்ற இஸ்ரேலிய மானுடவியலாளர். 1978, 79-இல் கூடலூர்ப் பகுதிக் காட்டில் காட்டுநாயக்கர் குடியிருப்பில் தங்கி ஆய்வு செய்தார். 1990-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படைக் கருத்து, காட்டுநாயக்கர்களுக்குக் காடு பெற்றோர் என்பது. பெரிய அப்பன், பெரிய அவ்வை என்று அவர்கள் காட்டை விளிக்கிறார்கள். தங்களை அதன் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பிள்ளைக்குச் சோறு போட்ட தாய் கணக்கு வைத்துக் கேட்கமாட்டாள். அப்படித்தான் கிழங்கும் தேனும் அவர்களுக்கு வருகின்றன. அதே கட்டுரையில் அவர் ஒப்பிட்டுக் காட்டிய இன்னொரு மக்கள், ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டு இதூரிக் காட்டில் வாழும் ம்பூத்திகள்.

ம்பூத்திகளைப் பற்றி மானுடவியலாளர் காலின் டர்ன்புல் 1961-இல் எழுதிய நூல் பலரும் அறிந்தது. அவர்களும் காட்டைத் தந்தை, தாய் என்றே அழைக்கிறார்கள். வேட்டை கிடைக்காமல் போனாலோ, நோய் வந்தாலோ, ஒரு சாவு விழுந்தாலோ அவர்கள் தரும் காரணம் ஒன்றுதான்: காடு தூங்கிவிட்டது. விழித்திருக்கும் தாய் பிள்ளையைக் கைவிடமாட்டாள், எனவே தூங்கியிருக்க வேண்டும். இரவிரவாகப் பாடி அவளை எழுப்புகிறார்கள். மோலிமோ என்ற அந்தச் சடங்கில் தண்டனையும் இல்லை, பரிகாரமும் இல்லை. நல்ல பாட்டுக் கேட்டு எழுந்தால் காடு மீண்டும் பார்த்துக்கொள்ளும். டர்ன்புல் அந்த மக்களைச் சற்று அதிகமாகவே அழகுபடுத்தி எழுதினார் என்ற விமர்சனம் உண்டு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த எண்ணம் என்னை உலுக்குகிறது. கடவுளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலும், மனிதனைப் பாவி ஆக்காமலும் துன்பத்துக்கு ஒரு காரணம் சொல்ல முடியும் என்று நான் படித்த பாடநூல் எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

காட்டுநாயக்கர் தேனெடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்த உறவின் வடிவம் தெரியும். பாறைச் சரிவில் பெரிய தேனீயின் அடை தொங்கும். அமாவாசையை ஒட்டிய இருட்டில் கொடியால் முறுக்கிய ஏணியைப் பாறை உச்சியிலிருந்து இறக்குகிறார்கள். பச்சை இலையும் காய்ந்த புல்லும் சேர்த்துக் கட்டிய புகைப்பந்தத்தோடு ஒருவர் இறங்குவார். மேலே கொடியைக் காவல் காப்பவர் அவருடைய மச்சான், மனைவியின் உடன்பிறந்தவர். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்கமாட்டான் என்பதால் அந்த இடம் அவருக்கு. இறங்குகிறவர் தேனீக்களோடு பேசிக்கொண்டே, பாடிக்கொண்டே வேலை செய்வார். விரட்டும்போதும் உறவுமுறை விட்டுப்போகாது. எடுத்தபின் அடையில் ஒரு பங்கை விட்டுவைப்பார். கீழே பள்ளம், கையில் நெருப்பு, முகத்தைச் சுற்றித் தேனீ. அந்த நிலையில் ஒரு மனிதன் தன் உயிரை ஒப்படைப்பது உறவுகளிடம்: மேலே மச்சான், எதிரே தேனீ, சுற்றிலும் காடு. இவர்களுடைய கடவுட்கொள்கை என்னவென்று கேட்டால் இந்தக் காட்சியைத்தான் நான் விளக்குவேன்.

உறவு என்றால் சண்டையும் உண்டு. காட்டுநாயக்கர் ஆண்டுக்கொருமுறை தங்கள் தெய்வங்களை வரவழைக்கிறார்கள். தேவரு என்பது அவர்களுக்கு மலையாக இருக்கலாம், யானையாக இருக்கலாம், இறந்துபோன பாட்டனாக இருக்கலாம், பின்னாளில் வந்து சேர்ந்த மாரியாகவும் இருக்கலாம். தப்பும் குழலும் ஒலிக்க, இரவும் பகலுமாகத் தெய்வங்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்கி வருகிறார்கள். வந்தவர்களை யாரும் விழுந்து கும்பிட்டுக்கொண்டே இருப்பதில்லை. உட்கார வைத்துப் பேசுகிறார்கள். எங்கள் பிள்ளைக்கு ஏன் காய்ச்சல் வந்தது, நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறார்கள். தேவருவும் சும்மா இருப்பதில்லை. நீங்கள் மட்டும் எங்களை நினைத்தீர்களா, பழைய வழியை விட்டுவிட்டீர்களே என்று திருப்பிக் கேட்கிறது. பேரம், கேலி, கோபம், சமாதானம் எல்லாம் நடந்து, கடைசியில் எல்லாருமாகச் சாப்பிட்டுக் கலைகிறார்கள்.

பேர்ட்-டேவிட் 1999-இல் எழுதிய இன்னொரு கட்டுரை இதை மேலும் விளக்குகிறது. குடியிருப்புக்குள் வந்த யானை கண்ணோடு கண் பார்த்து, வீடுகளுக்கு நடுவே யாருக்கும் இடையூறில்லாமல் மெல்ல நடந்துபோனால் அது தேவரு. குடிசையை மிதித்துப்போட்ட யானை வெறும் யானை. தெய்வத்தன்மை ஒரு பொருளோடு பிறந்து அதிலேயே நிலைத்திருக்கும் குணம் அன்று. நம்மோடு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதில் அது உண்டாகிறது, இல்லாமலும் போகிறது. மூர்த்தியைப் பற்றி அந்த ஓய்வு பெற்ற பாகன் சொன்னதற்கும் இதுதான் ஆதாரம்.

ஆப்பிரிக்காவின் பல்கலைக்கழக மெய்யியலாளர்கள் இதே நிலத்தில் நின்று கடவுளைப் பற்றிக் கறாராக வாதாடியிருக்கிறார்கள். கானா நாட்டின் க்வாசி விரேது அகான் மக்களின் ஒன்யாமே என்ற கடவுளை ஆராய்ந்தார். ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைத்தவர் அல்லர் ஒன்யாமே, ஏற்கெனவே இருந்ததை ஒழுங்குபடுத்தியவர் என்றார். அந்த ஒழுங்கை நினைத்தபோதெல்லாம் கலைக்கக்கூடியவரும் அல்லர். அப்படியானால் எல்லாம் வல்லவர் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வியின் கூர் மழுங்கிவிடுகிறது. அதே நாட்டின் க்வாமே ஜெக்கே, தீமை மனிதர்களின் விருப்பத்திலிருந்தும் நடத்தையிலிருந்தும் பிறக்கிறது என்று அகான் சிந்தனையை வேறு கோணத்தில் விளக்கினார். இருவரும் ஒத்துப்போகவில்லை. ஒரே மக்களின் மரபை இரண்டு அறிஞர்கள் இரண்டு விதமாக வாசித்து மோதியதால்தான் அது நாட்டார் நம்பிக்கை என்ற பெட்டியிலிருந்து வெளியேறி மெய்யியல் ஆனது. அப்படிப்பட்ட ஒரு மோதல் நம் மலை மக்களின் சிந்தனையைப் பற்றி இன்னும் நடக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

மோதுவதற்கான விஷயம் இல்லாமல் இல்லை. பேர்ட்-டேவிட் காட்டுநாயக்கருக்குப் பக்கத்திலேயே வாழும் பெட்டக் குறும்பரையும் முள்ளுக் குறும்பரையும் ஒப்பிட்டார். பயிர் செய்து பழகிய இவர்களுக்குக் காடு தாய் தந்தை அன்று, முன்னோர்களின் இடம். முறைப்படி நடந்தால், செய்ய வேண்டியதைச் செய்தால் முன்னோர் திருப்பித் தருவார்கள். தவறினால் தரமாட்டார்கள். ஆக, தெப்பக்காட்டில் ஒரே யானைக்கு ராகிக் களி உருட்டும் இரண்டு பேரில் ஒருவருக்கு உலகம் கொடை, மற்றவருக்கு உலகம் ஒப்பந்தம். இதூரிக் காட்டிலும் இப்படியே. ம்பூத்திகளுக்குத் தாயாக இருக்கும் காடு, பக்கத்தில் பயிர் செய்து வாழும் ஊர்க்காரர்களுக்கு ஆவிகள் உலவும் அச்சமூட்டும் இடம். ஆப்பிரிக்கச் சிந்தனை என்றோ பழங்குடிச் சிந்தனை என்றோ ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது.

தீமை உறவில் இருக்கிறது என்ற எண்ணத்துக்கு இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. அதை மறைத்துப் பேசினால் இந்த மலையில் செத்தவர்களுக்கு நான் துரோகம் செய்தவளாவேன். நீலகிரியின் மேட்டுநில ஊர்கள் பல தலைமுறைகளாகக் குறும்பர்களைச் சார்ந்தும் அவர்களுக்கு அஞ்சியும் வாழ்ந்தன. விதைப்பின்போது முதல் பிடி விதையைக் குறும்பர் தூவ வேண்டும். நோயும் தீங்கும் அண்டாமல் அவர் காக்க வேண்டும். அதற்குத் தானியமும் காசும் கொடுத்தார்கள். காக்கத் தெரிந்தவனுக்குக் கெடுக்கவும் தெரியும் என்ற பயம் கூடவே வளர்ந்தது. மாடு செத்தாலும் குழந்தை செத்தாலும் குறும்பன் வைத்த சூனியம் என்றார்கள். 1835-இலும், 1875-இலும், 1882-இலும் குறும்பர்கள் கொல்லப்பட்டதை ஆங்கில அரசின் மாவட்ட விவரச்சுவடி பதிவு செய்திருக்கிறது. 1900-இல் ஒரு குறும்பக் குடும்பமே கொல்லப்பட்டது. குடும்பத் தலைவர் மருந்து தெரிந்தவர் என்பதுதான் அவர்மேல் இருந்த குற்றம். சுற்றுவட்டாரம் முழுவதும் கொன்றவர்கள் பக்கம் நின்றதால் வழக்கு நிற்கவில்லை. முதுமலைக் காட்டுக் குறும்பர்கள் வேறு பிரிவினர். ஆனால் குறும்பன் என்ற பெயரோடு ஒட்டிய பழி எல்லாப் பிரிவினரையும் தொட்டது.

இவான்ஸ்-பிரிச்சர்ட் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் சூடான் பகுதி அசாண்டே மக்களைப் பற்றி 1937-இல் எழுதிய நூலில் ஓர் உதாரணம் வரும். தானியக் குதிர் சரிந்து, நிழலுக்காக அதன் அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் நசுங்குகிறார்கள். தூணைக் கரையான் அரித்தது அசாண்டேக்களுக்குத் தெரியாததல்ல. குதிர் ஏன் விழுந்தது என்பதற்குக் கரையான் போதும். இவர்கள் உட்கார்ந்திருந்த அந்த வேளையில் ஏன் விழுந்தது என்பதற்கு யாரோ ஒருவரின் கெட்ட எண்ணம் தேவைப்படுகிறது. பதில் ஒரு முகமாக இருந்தே ஆக வேண்டும் என்னும்போது, இளைத்தவனின் முகமே பெரும்பாலும் அகப்படும். கானாவின் வடபகுதியில் கம்பாகா போன்ற ஊர்களில், சூனியக்காரி என்று விரட்டப்பட்ட பெண்கள் இன்றும் தனி முகாம்களில் வாழ்கிறார்கள். அந்த நாட்டு நாடாளுமன்றம் 2023-இல் இதற்கு எதிராக ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மரபு என்பதற்காகவே ஒன்றைப் போற்றக்கூடாது, சலித்தெடுத்தே ஏற்க வேண்டும் என்று விரேது வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியது இதனால்தான்.

எதைச் சலித்து எடுப்பது என்பதற்கு இந்தக் காடே ஒரு வழி காட்டுகிறது என்று நினைக்கிறேன். காட்டுநாயக்கர் தங்கள் தேவருவோடு வழக்காடும்போது குற்றம் சாட்டப்பட்டவர் எதிரில் இருக்கிறார், அவருக்கும் வாய் இருக்கிறது, திருப்பிக் குற்றம் சாட்டுகிறார், கடைசியில் சாப்பாட்டில் கூட உட்காருகிறார். 1900-இல் கொல்லப்பட்ட குடும்பத்துக்கு அந்த நான்கில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உறவில் விழுந்த ஓட்டையை அடைக்க எல்லாரும் கூடுவது ஒன்று. அந்த ஓட்டைக்கு ஒருவரைக் காரணமாக்கி வெட்டி எறிவது வேறொன்று. ஒரே எண்ணத்திலிருந்து இரண்டும் முளைக்கும். எது முளைக்கிறது என்பது, பேச அனுமதிக்கப்பட்டவர்கள் யார் என்பதைப் பொறுத்தது.

வாழ்க்கைக்கு என்ன பொருள் என்ற கேள்வியிலும் இந்த இரண்டு நிலங்களும் நெருங்கி வருகின்றன. கென்யாவின் இறையியலாளர் ஜான் ம்பிட்டி 1969-இல் எழுதிய நூலில், ஆப்பிரிக்க மரபில் தனி மனிதன் என்பவன் தன் மக்களால்தான் ஆகிறான் என்று விளக்கினார். இறந்தவர்கள்கூட, பெயர் சொல்லி நினைக்க ஒருவர் இருக்கும் வரை குடும்பத்தில் இருக்கிறார்கள். சில தலைமுறை கழித்து நினைவு அற்றுப்போன பிறகுதான் அவர்கள் உண்மையாக விலகுகிறார்கள். காட்டுநாயக்கரின் ஆண்டு விழாவில் பாட்டன் இறங்கிவந்து பேரனைக் கடிந்துகொள்ளும்போது ம்பிட்டியின் வரிகளுக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும்.

இதை என் வீட்டுத் துக்கத்தில் உணர்ந்திருக்கிறேன். என் பெற்றோர் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து, தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம் வந்து இறங்கியவர்கள். சேரம்பாடியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் லயத்தில் ஓர் அறையும் கிடைத்தன. காட்டுநாயக்கர் திரிந்த காட்டை அழித்துப் போட்ட தோட்டம் அது. நாங்கள் பிழைக்க வந்த இடம் இன்னொருவர் இழந்த இடம். என் தம்பி காய்ச்சலில் இறந்தபோது அம்மா மாரியம்மனிடம், போன பிறவியில் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டுக் கேட்டு அழுதாள். லயத்துக்கு விறகும் தேனும் கொண்டுவரும் காட்டுநாயக்கப் பாட்டி ஒருத்தி வந்து அம்மாவோடு மூன்று இரவு படுத்திருந்தாள். பாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பிள்ளை தனியா இல்ல மகளே, நீயும் தனியா இருக்காதே” என்று மட்டும் சொன்னாள். எங்களிடம் கோபப்பட அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அந்தத் துக்கத்தில் அவள் எங்களை உறவாக்கிக்கொண்டாள். அம்மா சாகும்வரை அவளை அக்கா என்றே சொன்னாள்.

இந்தச் சிந்தனை கடினமான சோதனைக்கும் நின்றிருக்கிறது. மசினி என்ற யானை சிறு கன்றாகத் தெப்பக்காட்டில் வளர்ந்தது. பிறகு சமயபுரம் கோயிலுக்குப் போனது. அங்கே 2018-இல் கோயிலுக்குள்ளேயே தன் பாகனைக் கொன்றது. மீண்டும் தெப்பக்காட்டுக்கு வந்தது. 2023 ஏப்ரலில் இங்கும் தன்னைப் பார்த்துக்கொண்ட பாகனைக் கொன்றது. மூர்த்தியின் கதை ஆறுதல் தரும். மசினியின் கதை தராது. உறவைச் செப்பனிட எவ்வளவு உழைத்தாலும் சில நேரம் அது அறுந்துபோகும் என்பதையும் முகாம் அறியும். அந்தக் குடும்பத்தின் இழப்பை எந்த மெய்யியலும் ஈடுசெய்யாது. யானைக்குத் தீனி வைக்க மறுநாளும் ஒருவர் போனார் என்பதுதான் நடந்தது. விளக்கம் கிடைத்ததால் அவர் போகவில்லை. அந்த வேலையும் அந்த உயிரும் தம்முடையவை என்பதால் போனார்.

இன்று தெப்பக்காட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பது பொங்கலன்றும் விநாயகர் சதுர்த்தியன்றும் நடக்கும் யானைப் பூசையை. குளித்து அலங்கரித்த யானை துதிக்கையால் மணியடித்து, முகாம் விநாயகர் கோயிலைச் சுற்றிவந்து வணங்கும். கூட்டம் கைதட்டும். பாகன் குடும்பங்களும் அந்தப் பிள்ளையாரை உண்மையாகவே கும்பிடுகின்றன, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பூசையில் எல்லாரும் ஒரே திசை பார்த்து நிற்கிறார்கள். தெய்வத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் இரவுகள் குறைந்துகொண்டு வருகின்றன. கேட்கத் தெரிந்த பெரியவர்களும் குறைந்து வருகிறார்கள்.

நைரோபிப் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஒடேரா ஒருக்கா என்ற மெய்யியல் பேராசிரியர் எழுபதுகளில் ஒரு வேலையைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் போகாத கென்ய முதியவர்களிடம் போய், கடவுள் உண்டா, தீமை எங்கிருந்து வருகிறது, நல்ல வாழ்க்கை எது என்று கேட்டார். ஊர் சொல்வதைத் திருப்பிச் சொன்னவர்களையும், ஊர் சொல்வதை எதிர்த்துத் தாமே யோசித்தவர்களையும் பிரித்துப் பார்த்தார். விடைகளைப் பேசியவர்களின் பெயரோடும் வாதத்தோடும் 1990-இல் நூலாக வெளியிட்டார். அதுவரை தகவலாளி என்று பெயரில்லாமல் இருந்தவர்கள் சிந்தனையாளர்கள் ஆனார்கள்.

நம் பல்கலைக்கழகங்கள் முதுமலைக்கு விலங்கியல் மாணவர்களை அனுப்புகின்றன, தாவரவியல் மாணவர்களை அனுப்புகின்றன. மெய்யியல் மாணவர்களையும் அனுப்ப வேண்டும். பாகன்களிடமும் தேனெடுப்பவர்களிடமும், பிள்ளை பெற்றும் பறிகொடுத்தும் வாழ்ந்த பெண்களிடமும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டையும் சேர்த்து எழுத வேண்டும். அவர்களுடைய பெயரிலேயே அவர்களுடைய மொழிகளிலும் தமிழிலும் அச்சிட்டு, காண்ட்டைப் படிக்கும் வகுப்பில் விரேதுவோடு சேர்த்து அதையும் பாடமாக வைக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு முன் இவர்களைப் பற்றி எழுதியவர்கள் சூனியம் என்று தலைப்பிட்டார்கள். தீமை வந்தால் எதிரில் இருப்பவரையும் பேசவிட்டு, உறவைச் செப்பனிட்டு, பிறகு சேர்ந்து சாப்பிடு என்று சொல்லும் சிந்தனைக்கு உரிய தலைப்பு மெய்யியல். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்தத் திருத்தத்தை நாம் செய்துவிட வேண்டும்.